விரலுக்கு ஒரு பதில்

நாவல் எழுதுகிறவன் கீபோர்டைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவது வாசகர்களில் சிலருக்கு விசித்திரமாகப் படலாம். கதையைப் பற்றி எழுது, கதாபாத்திரங்களைப் பற்றி எழுது. கருவியைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். வீணை வித்துவான் தந்தியைப் பற்றிப் பேசினால் ஒருவரும் குறை சொல்வதில்லை. தச்சர் உளியின் பிடியைப் பற்றிப் பேசினால் தொழில் ஞானம் என்று மெச்சுகிறோம். எழுத்தாளன் மட்டும், தன் வாக்கியங்கள் மனத்திலிருந்து நேரே புத்தகத்தில் குதித்துவிட்டன என்று பாவனை செய்ய வேண்டியிருக்கிறது. உண்மையில் அவை விரல்களின் வழியாகத்தான் இறங்குகின்றன. இருபது வருஷங்களாக நான் எழுதியவை எல்லாம் கீபோர்டில் தட்டியவைதாம். ஆகையால் அதை விமரிசனம் செய்ய எனக்குச் சிறிது பாத்தியதை உண்டு.

கீபோர்டுக்கு விசைப்பலகை என்று தமிழில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். யார் சூட்டினார்களோ, அழகாகச் சூட்டியிருக்கிறார்கள். விசை என்ற சொல்லில் பொறி என்ற பொருளும் இருக்கிறது, உந்துகிற சக்தி என்ற பொருளும் இருக்கிறது. விரல் ஒரு விசையைக் கொடுக்கிறது. பலகை ஒரு விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் சரியாக நடந்தால்தான் அது விசைப்பலகை. இப்போது கடைகளில் விற்கிற பலவற்றைத் தொட்டுப் பார்க்கும்போது, பலகை இருக்கிறது, விசையைத்தான் காணோம் என்று எனக்குத் தோன்றுகிறது. விரலுக்குப் பதில் சொல்லாத கீபோர்டு எழுதுகிறவனுடைய கண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கண் போன இடத்துக்குக் கருத்தும் போகிறது. நஷ்டம் வாக்கியத்துக்கு. இதுதான் என் கட்சி.

கண்ணின் உதவியில்லாமல் விரல் வேலை செய்வது எவ்வளவு பெரிய வசதி என்பது அதை இழந்தவர்களைப் பார்த்தால்தான் விளங்கும். 1971இல் 19 வயது இளைஞர் ஒருவர் ஒரு நோய்க்குப் பிறகு கழுத்துக்குக் கீழே ஸ்பரிச உணர்ச்சியையும், கை கால்கள் எங்கே இருக்கின்றன என்ற உணர்ச்சியையும் இழந்துவிட்டார். தசைகளுக்குக் கேடில்லை; ஆனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். ஜோனதன் கோல் என்ற மருத்துவர் 1991இல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கை செய்கிற காரியம் முழுவதையும் கண்ணே மேற்பார்வை செய்ய நேர்ந்தால், வேறு எதை நினைப்பதற்கும் மனத்துக்கு அவகாசம் இருக்காது. பதில் சொல்லாத கீபோர்டு, மிகச் சிறிய அளவில், நம் பத்து விரல்களையும் அந்த நிலைமைக்குத்தான் கொண்டுபோகிறது.

பார்க்காமல் தட்டுவது புதிய வித்தையும் அல்ல. 1888 ஜூலை 25ஆம் தேதி அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் ஒரு டைப்ரைட்டிங் போட்டி நடந்தது. எழுத்துக்களின் இடத்தை மனப்பாடம் செய்து, பலகையைப் பார்க்காமலே எல்லா விரல்களாலும் தட்டிய ஃபிராங்க் மெகரின் என்பவர் அதில் வெற்றி பெற்றார். அந்த வெற்றியால் அந்த முறைக்குப் பெயர் பரவியது. நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் சொல்லிக்கொடுத்ததும் அதே முறைதான். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று மாடிப்படி வரைக்கும் கேட்கிற தாளத்தோடு முதல் பாடம் ஆரம்பமாகும். பலகையைக் குனிந்து பார்க்கிற பையனுக்கு வாத்தியாரிடம் வசவு நிச்சயம். நிமிஷத்துக்கு 30 சொற்கள் அடித்தால் லோயர், 45 சொற்கள் அடித்தால் ஹையர். அந்தச் சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் விரல்களை நம்பிப் பிழைத்தவர்கள். விரல்கள் யந்திரத்தின் பதிலை நம்பின.

இதனால் டைப்ரைட்டர் ஒரு தெய்வம், அதைத் தூக்கி எறிந்தது பாவம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ண வேண்டாம். இடது சுண்டுவிரலுக்கு அது ஒரு தண்டனை. ஒரு பக்கம் அடித்து முடித்தால் மணிக்கட்டில் வலி தெரியும். ஆனாலும் அதனிடம் ஒரு நேர்மை இருந்தது. விரல் அழுத்தியது, கம்பி எழுந்தது, எழுத்து காகிதத்தில் விழுந்தது. காரியம் நடந்ததா இல்லையா என்ற சந்தேகத்துக்கே இடம் இல்லை. கம்ப்யூட்டர் வந்தபோது அந்தக் கம்பி போய்விட்டது. மின்சாரத்துக்கு எடை இல்லை, சத்தம் இல்லை. விரலுக்கு எதைச் சொல்லிப் பதில் கொடுப்பது என்பதை யாராவது யோசித்துத்தான் ஆகவேண்டும்.

நன்றாக யோசித்தவர்களில் ஒருவர் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாரிஸ். அவருடைய கண்டுபிடிப்புக்கு 1978இல் பேடண்ட் கிடைத்தது. அதை விளக்க ஓர் ஈர்க்குச்சி போதும். ஈர்க்குச்சித் துண்டு ஒன்றை இரண்டு முனைகளிலும் பிடித்து உள்பக்கமாக அமுக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரம் விறைப்பாக எதிர்க்கும். பிறகு சட்டென்று ஒரு பக்கமாக வளைந்துவிடும். எதிர்ப்பு எப்போது விட்டது என்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். ஹாரிஸ் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள் கம்பியை வைத்தார். அழுத்தினால் சுருள் எதிர்க்கிறது. ஓர் எல்லையில் பக்கவாட்டில் மடங்குகிறது. மடங்குகிற அதே வேகத்தில் அடியில் உள்ள சிறு தகட்டைத் தள்ளுகிறது. கம்ப்யூட்டருக்குச் செய்தி போவதும், விரலுக்குக் கீழே எதிர்ப்பு விடுவதும், 'டக்'கென்று ஓசை எழுவதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. மூன்றும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று முகங்கள். ஓசை தனியாக ஒட்டவைத்த அலங்காரம் அல்ல.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரில் இந்தக் கீபோர்டுதான் இருந்தது. 1985 முதல் பரவிய 'மாடல் எம்' என்ற வகையிலும் இதே மடங்கும் சுருள்தான். இரண்டு கிலோவுக்கு மேல் கனம். மேஜையில் வைத்தால் நகராது. பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். இத்தனை குறைகளோடும் அதைத் தேடிப்பிடித்து வாங்கி உபயோகிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் ஒரு சிறிய கம்பெனி 1996 முதல் இந்த வகையைச் செய்து வந்திருக்கிறது. பழம்பொருள் மோகம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மோகம் அலமாரியில் வைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடும். தினம் எட்டு மணி நேரம் அதில் வேலை செய்யச் சொல்லாது.

மலிவான கீபோர்டுகளில் சுருளுக்குப் பதிலாக ரப்பர் குமிழ் இருக்கிறது. குமிழ் அமுங்குவதை விரல் முதலில் உணர்கிறது. எழுத்து பதிவது அதற்குப் பிறகு, அடிமட்டத்தைத் தொடும்போது. அறிவிப்பு ஓரிடத்தில், காரியம் வேறோரிடத்தில். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் தரைவரை இடித்தால்தான் நிம்மதி. சாயங்காலத்தில் விரல் நுனிகள் அசந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரலின் பேச்சைக் கேட்காத கம்பெனிக்கு என்ன கிடைக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் இரண்டு உதாரணங்கள் உண்டு. முதல் உதாரணம் அதே ஐ.பி.எம்.தான். வீட்டு உபயோகத்துக்கென்று 1983 நவம்பரில் 'பி.சி. ஜூனியர்' என்ற கம்ப்யூட்டரை அறிவித்தார்கள். அதன் விசைகள் சூயிங்கம் மிட்டாயைப் பரப்பி வைத்ததுபோல் சின்னச் சின்னதாகத் தனித்தனியே நின்றன. பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. 1984இல், வாங்கியவர்களுக்கெல்லாம் வேறு கீபோர்டை இனாமாகக் கொடுக்கவேண்டி வந்தது. 1985 மார்ச்சில் அந்தக் கம்ப்யூட்டரே நிறுத்தப்பட்டது. விலையும் வேறு குறைகளும் அதன் தோல்வியில் பங்கு கொண்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஜனங்கள் முதலில் வெறுத்தது விரலுக்குக் கிடைத்த அந்த அவமரியாதையைத்தான்.

இரண்டாவது உதாரணம் ஆப்பிள். 2015இல் தன் மெல்லிய மடிக்கணினியில் 'பட்டாம்பூச்சி' என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. முந்தியதைவிட 40 சதவீதம் மெல்லியது என்று பெருமையோடு சொன்னார்கள். விசை கீழே இறங்குகிற தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பழைய கனத்த கீபோர்டுகளில் அது நான்கு மில்லிமீட்டர். தூசி நுழைந்தால் சில விசைகள் பதியவில்லை. சில விசைகள் ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை பதிந்தன. 2018 ஜூனில் இலவசமாகப் பழுது பார்த்துத் தரும் திட்டம் வந்தது. 2019 நவம்பரில் ஒரு மில்லிமீட்டர் இறங்குகிற பழைய பாணி அமைப்புக்கே திரும்பினார்கள். வழக்குத் தொடர்ந்தவர்களோடு 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசமும் செய்துகொண்டார்கள்.

எல்லோரும் தூசியைக் குற்றம் சொன்னார்கள். எனக்கு அது மேலோட்டமான விமரிசனமாகப் படுகிறது. கடைக்காரன் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்திக் காட்டும்போது கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக, ஐந்து வருஷம் அதில் உழைக்கப்போகிற விரலைப் பட்டினி போட்டார்கள். குற்றம் அங்கே தொடங்குகிறது. தூசி அதை ஊரறியச் செய்தது, அவ்வளவுதான்.

இனி கைபேசிக் கண்ணாடிக்கு வருவோம். 2007இல் ஐபோன் வந்த பிறகு உலகத்தில் பெரும்பாலான எழுத்து கண்ணாடியின் மேல் நடக்க ஆரம்பித்துவிட்டது. கண்ணாடிக்கும் விசைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மென்மையோ சத்தமோ அல்ல. விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். தொடுவது வேறு, அழுத்துவது வேறு. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் விரல் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. எழுதுகிறவன் 'இந்தச் சொல்லா, வேறு சொல்லா' என்று ஒரு நொடி தயங்குகிறான். கண்ணாடியில் தொட்டாலே எழுத்து. அங்கே விரல் இளைப்பாற முடியாது. தயங்கினால் அந்தரத்தில்தான் தயங்க வேண்டும். எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் மேல் சிறு மேடு வைத்திருப்பார்களே, அதற்குக் கண்ணாடியில் அர்த்தமே கிடையாது. இருட்டில் தட்டுகிறவருக்கும், பார்வை இல்லாதவருக்கும், எண்ணங்களில் கண்ணை வைத்திருக்கிறவருக்கும் அந்த இரண்டு மேடுகள்தாம் வீட்டுத் திண்ணை. அங்கிருந்து புறப்பட்டு அங்கே வந்து சேரலாம்.

கண்ணாடிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் தட்டும்போது ஒரு பொய்ச் சத்தம் வைத்தார்கள். விரலில் லேசான அதிர்வு தருகிற ஏற்பாட்டை ஐபோன் கீபோர்டில் 2022இல் சேர்த்தார்கள். பதினைந்து வருஷம் கழித்துப் போடப்பட்ட இந்தப் பொய் அதிர்வு உண்மையான விசைக்கு அவர்கள் செலுத்தும் மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அதிர்வு 'ஏதோ தொட்டாய்' என்று மட்டும் சொல்கிறது. 'எதைத் தொட்டாய்' என்று சொல்வதில்லை. எல்லா எழுத்துக்கும் ஒரே அதிர்வு.

இளைஞர்கள் கட்டைவிரல்களாலேயே பறக்கிறார்களே என்று கேட்கலாம். பறக்கிறார்கள்தாம். 37,000 பேரை வைத்து ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, கைபேசியில் சராசரி வேகம் நிமிஷத்துக்கு 36 சொற்கள். சாதாரணக் கீபோர்டில் சராசரி 52 என்று அதற்கு முந்திய வருஷத்து ஆராய்ச்சி ஒன்று சொல்லியிருந்தது. வித்தியாசம் அத்தனை பயங்கரமானதல்ல. ஆனால் கைபேசி வேகத்துக்குப் பின்னால், தப்பைத் தானே திருத்துகிற ஓர் ஏற்பாடு நிற்கிறது. விரல் எங்கே பட்டது என்று கண்ணாடிக்கு நிச்சயம் இல்லை. ஆகையால் அது யூகிக்கிறது. கடிதம் எழுதுகிறவருக்கு யூகம் உதவி. கதை எழுதுகிறவனுக்கு அது உபத்திரவம். என் கதாபாத்திரமான கிழவி ஒருத்தி தன் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னால், கைபேசி அதைப் பாடப்புத்தகத் தமிழாக மாற்றிவிடுகிறது. அவள் வாயில் நான் போடாத சொல்லைப் போட யந்திரத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் இன்னும் நெருக்கமானது. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' முறையில் உயிரெழுத்துக்கள் இடது கையில், மெய்களில் பெரும்பாலானவை வலது கையில். ஆய்த எழுத்தின் மேல் இடது ஆட்காட்டி விரல், பகரத்தின் மேல் வலது ஆட்காட்டி விரல். அம்மா என்று எழுத வேண்டுமானால் இடக்கையால் அ. வலக்கையால் இரண்டு முறை ம. மறுபடி இடக்கையால் ஆ. புள்ளி தானாக விழுந்துவிடும். இடம், வலம் வலம், இடம். மிருதங்கத்தில் தொப்பியும் வலந்தலையும் மாறி மாறிப் பேசுவதுபோல் இது ஒரு நடை. பழகிவிட்டால் கை தாளத்தில் போகும்.

இந்த முறையில் ஒற்று இரட்டிப்பது ஒரே விசையை இரண்டு தடவை தட்டுவதுதான். இரண்டாவது தட்டு பதிந்ததா என்பது விரலுக்குத் தெரியாவிட்டால் பாட்டு 'பாடு' ஆகிவிடும். ஒரு தட்டு இரண்டாகப் பதிந்தால் ஒருவன் பட்ட பாடு 'பாட்டு' ஆகிவிடும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலால் பிழை திருத்துகிற யந்திரமும் வாய் திறக்காது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்தால் பெரும்பாலும் சொல் ஊனமாகிக் கண்ணில் படும். தமிழில் வேறொரு சொல்லாக உருமாறி ஒளிந்துகொள்கிறது. ஒரு தொடர்கதைக்காக மூன்று வாரம் ஒரு மெல்லிய மடிக்கணினியில் எழுதினேன். கண் திரையையும் விசையையும் மாறி மாறிக் காவல் காத்தது. அப்போது எழுதிய அத்தியாயங்களை அச்சில் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். வாக்கியங்கள் எல்லாம் குட்டை. நீண்ட வாக்கியம் எழுத மூச்சை அடக்க வேண்டும். நாலு சொல்லுக்கு ஒரு தரம் குனிந்து பார்க்கிறவனுக்கு மூச்சு நிற்பதில்லை.

இதெல்லாம் எழுத்துக்காரனின் சொகுசுக் கவலை என்று நினைக்கிறவர்களுக்காக, எழுத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்டு 21ஆம் தேதி விடியற்காலையில், சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் 'ஜான் எஸ். மெக்கெய்ன்' ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். கப்பலின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்துவது தொடுதிரைகளில் இருந்தது. இரண்டு சுழல் தண்டுகளின் வேகமும் சேர்ந்து குறைகிறது என்று எண்ணியிருக்க, ஒன்று மட்டும் குறைந்து கப்பல் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவு முதலிய காரணங்களும் விசாரணையில் வெளிவந்தன. ஆனால் கையால் பிடித்துத் தள்ளுகிற பழைய நெம்புகோலாக இருந்தால், இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா என்பதைக் கையே சொல்லியிருக்கும் என்பதையும் விசாரணைக்காரர்கள் குறிப்பிட்டார்கள். 2019இல் அமெரிக்கக் கடற்படை அந்த வகைக் கப்பல்களில் மறுபடி நெம்புகோலையே வைக்கத் தீர்மானித்தது. ஸ்பரிசம் ஒரு சாட்சி. சாட்சியை நீக்கிவிட்டால் என்ன நடந்தது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. ஆபீசில் இருபது பேர் சேர்ந்து டக்டக்கென்று தட்டினால் நரகம்தான். அதற்குச் சத்தமில்லாமல் விரலுக்கு மட்டும் ஒரு சிறு தடை காட்டுகிற விசைகள் இருக்கின்றன. ஜெர்மனியின் செர்ரி கம்பெனி விசைகளுக்கு நிறத்தால் பெயர் வைத்திருக்கிறது: நீலம் தடையோடு ஓசையும் தரும், பழுப்பு தடையை மட்டும் தரும், சிவப்பு இரண்டும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். சிவப்பை விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாலு மில்லிமீட்டர் ஆழம் இருப்பதால் தொடுவதற்கும் அழுத்துவதற்கும் நடுவில் அங்கேயும் இடம் இருக்கிறது. வெறும் சத்தத்துக்காகக் கீபோர்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. சத்தம் வேறு, பதில் வேறு. மேடைப் பேச்சில் கைதட்டல் கேட்பதால் பேச்சு புரிந்துவிட்டது என்று ஆகாதல்லவா?

கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் விலைச் சீட்டையும் விளம்பரத்தையும் சற்று ஒதுக்கி வையுங்கள். கடையில் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஆட்காட்டி விரல்கள் இரண்டும் தங்கள் மேடுகளைத் தாங்களே கண்டுபிடிக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துப் பதியாமல் விரல்களைச் சற்று நேரம் அப்படியே இருத்தி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு இரட்டித்த ஒற்றுகள் நாலைந்து வருகிற ஒரு தமிழ் வாக்கியத்தை அடியுங்கள். நடுவில் கண்ணைத் திறக்கவேண்டும் என்று மனம் பதைத்தால், அது எவ்வளவு மெல்லியதாக, எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.